எண்ணெய்த் தலையோடு ஓர் அஞ்சல் நீச்சல்

தலைக்கு எண்ணெய் வைப்பது குற்றமென்று நோர்வேச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஆகவே நான் குற்றவாளி இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நாற்பது வயதுக்குப் பிறகுதான் நீந்தப் பழகினேன். ("இந்த வயசிலை தண்ணிக்கை துள்ள உனக்கென்ன கேடு?" என்று மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, ஒஸ்லோவில் நாங்கள் குடியிருக்கும் ஹவுகெட்டோ முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.) பழக்கியவள் ஹைக்க என்ற ஜெர்மன்காரி. இளமையில் தன் நாட்டு அஞ்சல் நீச்சல் அணியில் இருந்தவள். அணிக்கு நால்வர், ஒருத்தி சுவரைத் தொட்ட பிறகுதான் அடுத்தவள் பாயலாம். காலையில் தகுதிச் சுற்றுக்கு ஹைக்கவை இறக்குவார்களாம். மாலையில் இறுதிப் போட்டிக்கு அவளைவிட வேகமான ஒருத்தி இறங்குவாளாம். இவள் மேலே இருந்து கைதட்டுவாளாம். அவளுடைய நீச்சல் வாழ்க்கை முழுவதும் இப்படியே போயிற்று.

அதனால் ஒஸ்லோவில் நடந்த கழகப் போட்டியில் ஹைக்கவும் நானும் இருந்த அணி இறுதிக்கு வந்ததும் அந்தப் பெரிய மனுஷி தொப்பியைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றாள். கடைசியாக நீந்துவது அவள்; அவளுக்கு முன் நான். நானோ குளோரினுக்குப் பயந்து, காலையிலேயே தலையில் நல்லெண்ணெயை அப்பியிருந்தேன். குளத்தில் இறங்குமுன் சவர்க்காரம் போட்டுக் குளிக்கத்தான் செய்தேன். (நல்லெண்ணெய் ஒரு கழுவலுக்கு அசையுமா?)

நான் பாய்ந்தபோது நாங்கள் இரண்டாம் இடம். தண்ணீரில் விழுந்ததுமே தொப்பி வழுக்கிக் கழன்றது. நீச்சல் கண்ணாடியும் அதோடு போயிற்று. இடுப்பளவு கூந்தல் முகத்தைச் சுற்றிக்கொண்டது. வாயைத் திறந்தால் எண்ணெய்.

"ஐயோ, மேலை ஏறடி! மானம் போகுது!" என்று மச்சாள் கரையில் நின்று கத்தினாள்.

ஏறுவேனா? நான் ஏறினால் ஹைக்க பாய முடியாது. பக்கத்துக் கயிற்றில் இடித்து இடித்து, நாய் நீச்சலடித்துச் சுவரைத் தொட்டேன். மற்ற அணிகள் துவாயால் தலை துவட்டிக்கொண்டிருந்தன. வெறுங்குளத்தில் ஹைக்க மட்டும் தனியாக நீந்தினாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

கடைசி இடம். "என்னால்தான் தோற்றோம்" என்று ஹைக்கவிடம் சொன்னேன்.

"அதை விடு. இன்றைக்கு என் இடத்தில் வேறொருத்தி நீந்தவில்லை" என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு, என் எண்ணெய்த் தலையைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன்.

இன்றைக்கும் பக்கத்து நகரான திராமனில் ஒரு கலியாண வீடென்றால் மச்சாள் என்னை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்: "இவதான் நீச்சல் குளத்தைத் தாளிச்சவ!"

சபையே சிரிக்கும். எனக்கென்ன வெட்கம்?

"ஓம், நான்தான். தாளிச்சுப்போட்டுக் கரையும் சேர்ந்தனான். நீங்கள் எப்ப இறங்கப் போறியள், மச்சாள்?"