மாப்பிள்ளையை நடக்க வைத்த அளவு

மலேசியாவின் ஈப்போவில் கடவுளை நம்பாதவர்களைப் பார்த்திருக்கிறேன், டாக்டரை நம்பாதவர்களைப் பார்த்திருக்கிறேன். அளக்கிற இரும்பு டேப்பை நம்பாத ஒரே மனிதர் எங்கள் குச்சி அண்ணேதான்.

அவருக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ஈப்போவின் புந்தோங் பகுதியில் நாங்கள் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப் முதலாளிக்கே அது ஞாபகமில்லை. எழுபதுகளின் கடைசி அது. சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களின் ஜீப்புகளெல்லாம் எங்களிடம்தான் வரும். மழை பெய்தால் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஜீப்பின் வயிறு தட்டும். அதனால் ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டை வைத்து வண்டியை மூன்று, நான்கு அங்குலம் தூக்கிவிடுவோம். தூக்கியதும் புது வம்பு ஒன்று வந்துவிடும். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போய்ச் சக்கரத்தைச் சுற்ற வைக்கும் நீள இரும்புக் குழாய், அதைத்தான் சாப்ட்டு என்போம், எட்டாமல் போய்விடும். புது நீளத்தை அளந்து லேத் கடையில் சாப்ட்டை நீட்டி வாங்க வேண்டும். அந்த அளவுதான் குச்சி அண்ணனின் ராஜ்ஜியம்.

இரண்டு மூங்கில் குச்சிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுப்பார். ஒரு குச்சியின் நுனி கியர்பாக்ஸைத் தொடும். அடுத்ததை நகர்த்தி அச்சைத் தொட வைப்பார். இரண்டையும் ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டி, குழந்தையைத் தூக்குகிற பதத்தில் வெளியே எடுப்பார். அதை அப்படியே சைக்கிளில் குறுக்காக வைத்து லேத் கடைக்குக் கொண்டு போவார். எதிரே லாரி வந்தாலும் லாரிதான் ஒதுங்க வேண்டும்.

"டேப்புல அளந்தா என்னண்ணே?" என்று கேட்டால் போதும்.

"டேப்புக்கு நடுவுல தொப்ப விழும்லா. குச்சிக்கு விழாது."

இது பரவாயில்லை. அடுத்ததுதான் தாங்க முடியாது. வண்டியைத் தரையில் இறக்கி, அதில் வழக்கமாகப் போகிற அளவுக்கு ஆள் ஏற்றாமல் அளக்கவே மாட்டார். ரோட்டில் போகிறவர்களையெல்லாம் கூப்பிடுவார். ரொட்டிக்காரர், தபால்காரர், சீட்டுப் பணம் வாங்க வந்த அக்கா, எல்லாரும் ஏறி உட்கார வேண்டும். ஒரு தடவை, ஜீப் ஏன் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று அதட்ட வந்த போலீஸ்காரரையே பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டார். "துவான், செகெஜாப் சாஜா," ஐயா, ஒரு நிமிஷம்தான் என்று மலாயில் கெஞ்சினார். அந்த மனிதர் இருபது நிமிடம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.

முனியாண்டி கோயில் படையலுக்குப் போகிற ஜீப் ஒன்று வந்தது. பத்து ஆள், இரண்டு கிடா. அண்ணன் கிடாக்களையும் கொண்டுவரச் சொல்லிவிட்டார். எங்கள் முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ், போவும்போதுதான் கெடா இருக்கும். வரும்போது இருக்காதே. அப்ப ஒன் அளவு என்னாவும்?"

அண்ணன் குச்சியைக் கீழே வைத்தார்.

"வரும்போது வயித்துக்குள்ள இருக்கும்லா முதலாளி. எட அதே எடதான்."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தொழிற்பயிற்சிக் கூடத்து சர்ட்டிபிகேட் ஒன்று, மச்சான் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த புது டேப் ஒன்று, இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஒரு வியாழக்கிழமை. தோட்டத்து ஜீப் ஒன்றைத் தூக்கும் வேலை முடிந்து, வண்டி முட்டுக்கட்டைகள் மேல் சக்கரம் தொங்க நின்றது. அண்ணன், தன் தங்கச்சி மகள் சடங்குக்காக, அன்று மத்தியானம் சித்தியவானுக்குப் புறப்பட்டார்.

"தம்பி, வண்டியத் தொடாத. திங்கக்கெழம வந்து நானே அளக்குறேன்," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் தலை மறைந்ததும், முதலாளியும் கடையில் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்தத் தோட்டத்து டிரைவர் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "சனிக்கெழம கல்யாணம் லா. மாப்பிள்ளைய ஏத்திட்டுப் போவணும். ஒரு வழி பண்ணு தம்பி."

"அளக்குறது என்ன பெரிய வித்தையா?" என்று டேப்பை உருவினேன். வண்டியை இறக்கவில்லை. ஆளும் ஏற்றவில்லை. சக்கரம் தொங்கத் தொங்க அப்படியே ஐந்து நிமிடத்தில் அளந்து, அளவைச் சிகரெட் அட்டையில் எழுதி லேத் கடைக்கு அனுப்பினேன். மறுநாள் சாப்ட்டு வந்தது, மாட்டினேன், வண்டி போய்விட்டது. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்ளாத குறைதான்.

சக்கரம் தொங்கும்போது அச்சு கீழே இறங்கி நிற்கும். அளந்தால் தூரம் கூடுதலாகக் காட்டும். வண்டியில் ஆள் ஏறி ஸ்பிரிங் அமுங்கினால் தூரம் குறைந்துவிடும். நீளமான சாப்ட்டு போக இடமில்லாமல் கியர்பாக்ஸைப் போய் இடிக்கும். ஊரையே கூப்பிட்டு அண்ணன் உட்கார வைத்தது இதற்குத்தான். சர்ட்டிபிகேட் வாங்கிய மண்டைக்கு அது ஏறவில்லை.

சனிக்கிழமை காலை, மாப்பிள்ளையோடு ஒன்பது பேர் ஏறினார்கள். முதல் பெரிய பள்ளத்தில் டமார் என்று ஒரு சத்தம். கியர்பாக்ஸ் வாய் பிளந்துவிட்டது. மாப்பிள்ளை பட்டு வேட்டியைத் தொடைக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு மூன்று மைல் சேற்றில் நடந்தார். முகூர்த்தம் போயே போய்விட்டது. மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று முடிவு கட்டி, பெண்ணின் மாமன்மார் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேடக் கிளம்பினார்களாம். பாதி வழியில் முழங்கால் வரை செம்மண்ணோடு ஒருவன் எதிரே வர, அவனிடமே, "இந்தப் பக்கம் மாப்பிள்ளை ஒருத்தன் ஓடுனானா?" என்று கேட்டார்களாம். நல்லவேளையாக அய்யர் அடுத்த நேரம் ஒன்று பார்த்துக் கொடுக்க, தாலி ஏறியது.

திங்கட்கிழமை மாப்பிள்ளை வீட்டார் ஒரு லாரி நிறைய வந்து ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றார்கள். பின்னாலேயே ஜீப்பை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். முதலாளிக்கு யோசிக்க நேரமில்லை. நேராக அப்போதுதான் சித்தியவானிலிருந்து வந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்த அண்ணன் மேல் பாய்ந்தார்.

"எத்தன தடவ சொன்னேன், அந்தக் குச்சிய விட்டுத் தொலைன்னு! வியாழக்கெழம நீதானய்யா அளந்த?"

அண்ணன் குனிந்து ஜீப்பின் அடியைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. காத்திருக்கிற மாதிரிப் பார்த்தார். நான் சட்டென்று குனிந்து ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தேன். ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது.

"ஆமா முதலாளி, நாந்தான்," என்றார் அண்ணன்.

வந்தவர்களைச் சமாதானப்படுத்த வேண்டுமே! முதலாளி அந்த இரண்டு குச்சிகளையும் பிடுங்கி, எல்லார் முன்னாலும் முழங்காலில் வைத்து முறித்துப் போட்டார். அன்று முதல் அண்ணனுக்கு மண்ணெண்ணெயில் சாமான் கழுவுகிற வேலை. அளக்கிற வேலை எனக்கு. ஆமாம், எனக்குத்தான். அதையும் வாய் கூசாமல் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் பின்னால் குழாயடியில் அவரைப் பிடித்தேன்.

"ஏண்ணே நீங்கதான் அளந்தீங்கன்னு சொன்னீங்க?"

அவர் கையில் சோப்புத்தூளைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "நீ சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்லல. யாராச்சும் சொல்லணும்லா தம்பி, அவங்க வெயில்ல எவ்ளோ நேரம் நிப்பாங்க?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம், தீபாவளி கழித்துச் சொல்லிவிடலாம் என்று நானும் முதலாளியிடம் சொல்லவேயில்லை. எட்டு வருடம் அவர் கழுவினார், நான் அளந்தேன். வண்டியைத் தரையில் இறக்கி, ஆள் ஏற்றி, அவர் முறைப்படியேதான் அளந்தேன். ஆள் குறைந்தால் மண்ணெண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு அவரே வந்து பின் சீட்டில் ஏறி உட்காருவார். ஒரு நாளாவது குத்திக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். பாவி மனுஷன், அதையும் செய்யவில்லை.

அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. கதை மட்டும் சாகவில்லை. போன மாதம் ஈப்போவில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார்: "புந்தோங்குல குச்சியான்னு ஒரு ஆளு. குச்சிய வச்சு அளந்து ஒரு மாப்பிள்ளையவே மூணு மைல் நடக்க வச்சிட்டான் லா!" பந்தியே சிரித்தது. பழக்க தோஷம், நானும் சிரித்தேன். எதிர் இலையில் ஓர் அம்மாள் மட்டும் சிரிக்காமல் அப்பளத்தைச் சின்னச் சின்னதாக உடைத்துக்கொண்டிருந்தார். கை கழுவும்போது விசாரித்தேன். அண்ணனுடைய மகளாம். அவரிடம் போய்ப் பேச அப்போதும் எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே, தங்கச்சி, இதை நீங்கள் படிக்க நேர்ந்தால், அன்றைக்கு அளந்தவன் நான். உங்கள் அப்பா அளந்திருந்தால் அந்த மாப்பிள்ளை காலில் தூசி படாமல் போய்ச் சேர்ந்திருப்பார்.