மச்சான் போட்ட ஒற்றை ஸ்டார்

தாராவி, மும்பை
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து

கடையநல்லூர் மச்சான் மைதீன் பிச்சை அவர்கள் சமூகத்துக்கு, தங்களுடைய தங்கச்சி சபுராவின் வீட்டுக்காரன் சிராஜ் பணிவோடு எழுதும் சலாம். இங்கே நானும் சபுராவும் மகள் பரீஹாவும் அல்லாஹ் உதவியால் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே உங்கள் முழங்காலும் சர்க்கரையும் நீங்கள் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கும் என்று நம்புகிறேன்.

எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஆள் திடீரென்று தாளில் வந்து நிற்கிறானே என்று பார்க்காதீர்கள். போனில் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். பரீஹா போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். பெல்ட் பட்டறையில் என் பக்கத்து மிஷின்காரன் போனிலிருந்து ஒரே ஒரு ‘ஹலோ’தான் சொன்னேன், அவனையும் பிளாக் செய்தீர்கள். அவன் உங்களைப் பார்த்ததுகூட இல்லை, ஏன் பாய் என்று கேட்டு வருத்தப்படுகிறான். சபுரா போனை மட்டும் எடுக்கிறீர்கள். அவளைத் தூது போகச் சொன்னால், “நீங்க வாயால கெடுத்தத நீங்களே கையால எழுதிச் சரி பண்ணுங்க. எங்க அண்ணன்ட்ட நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்” என்கிறாள். தபால்காரரை பிளாக் செய்ய இன்னும் வழி வரவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு எழுதுகிறேன்.

விஷயம் ஒன்றுதான். பரீஹாவுக்கு நல்ல இடம் வந்திருக்கிறது. தேவ்நார் நாகூர்கனி அண்ணன் மகன் ஆஷிக், ஏ.சி. மெக்கானிக், அடக்கமான பையன். பிள்ளைக்கும் பிடித்திருக்கிறது, கேட்டால் இல்லை என்பாள், ஆனால் ஏ.சி. இல்லாத வீட்டில் இருந்துகொண்டு, இடம் வந்த நாளிலிருந்து ஏ.சி. பற்றியே பேசுகிறாள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு வீடு பார்க்க வருகிறார்கள். அதற்குள் எங்கள் வீட்டுக்கு மேப்பில் நீங்கள் போட்ட ஒற்றை ஸ்டாரை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சம்பந்தம் கை நழுவிப் போகும் போலிருக்கிறது.

குடியிருக்கிற வீட்டுக்கு ஸ்டார் எப்படி வந்தது என்று நீங்கள் ஊரில் எல்லோரிடமும் கேட்பதாகக் கேள்வி. ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் கல்லி, இந்தச் சந்து, உங்களுக்குத் தெரியும், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் யார் வீட்டுக்குள்ளாவது ஏறி நின்றுதான் வழிவிட வேண்டும். கேஸ்காரனும் பார்சல்காரனும் மெயின் ரோட்டில் நின்றுகொண்டு போன் அடிப்பார்கள். நான் தண்ணீர் டேங்கில் ஆரம்பித்து மூன்றாவது இடது, கோழிக்கடை, பச்சை டிரம் என்று வந்து சேர்வதற்குள் அவன் ஷிப்ட் முடிந்துவிடும். அதனால் ஒருநாள் உட்கார்ந்து மேப்பில் நம் வீட்டை நானே ஏற்றினேன். பெயர் கேட்டது, ‘சபுரா வீடு’ என்று போட்டேன். என்ன மாதிரி இடம் என்று ஒரு பட்டியலை நீட்டியது. பேங்க், பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தது, வீடு என் கண்ணில் படவில்லை. உணவகம் என்று ஒன்று இருந்தது. நம் வீட்டில் சாப்பாடு உண்டுதானே, பொய் இல்லையே என்று அதைத் தொட்டேன். எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்றது. சுபுஹுத் தொழுகைக்கு எழுந்திருக்கிறோம், அஞ்சு மணி என்றேன். விடுமுறை உண்டா என்றது. சபுராவுக்கு ஏது விடுமுறை, கிடையாது என்றேன். கேட்ட எதற்கும் மறைக்காமல் பதில் சொன்னேன் மச்சான்.

மறுவாரம் கேஸ் நேராக வாசலுக்கு வந்தது. அதற்கடுத்த வாரம் ஆபீஸ் பையன்கள் இரண்டு பேர் வந்து, “நெய்ச்சோறு இருக்கா ஆன்ட்டி?” என்றார்கள். உங்கள் தங்கச்சி யாரைச் சாப்பிடாமல் அனுப்பியிருக்கிறாள்? உட்கார வைத்துப் போட்டாள். எனக்கு வைத்திருந்த சோறுதான் அது. அவர்கள் ஆளுக்கு அஞ்சு ஸ்டார் போட்டு, ‘வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கிறது’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். பிறகு கல்லிக்காரர்களும் ஆரம்பித்தார்கள். மெசேஜ் போட்டால் நான் பார்ப்பதில்லை, ஸ்டார் வந்தால் பட்டறையிலிருந்துகூட உடனே பார்த்து வீட்டுக்குச் சொல்லிவிடுகிறேன் என்று கண்டுபிடித்தது அடுத்த வீட்டு நாகர்கோவில் ஜெயசீலிதான். ‘சபுராக்கா, பைப்புல தண்ணி வந்துட்டு’, அஞ்சு ஸ்டார். ‘இட்லி மாவு ரெண்டு கரண்டி வேணும்’, அஞ்சு ஸ்டார். ஒரு ஆள் ஒரு தடவைதான் எழுதலாமாம், அதனால் நேற்று எழுதியதை அழித்துவிட்டு அதன் மேலேயே இன்றைக்கானதை எழுதுவாள். நாற்பத்திரண்டு பேர் போட்டு, நம் வீடு மெயின் ரோட்டு பெரிய ஹோட்டலுக்கு மேலே போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். நடந்ததை நீங்கள் ஒரு மாதிரி சொல்வீர்கள், நான் ஒரு மாதிரி சொல்வேன், கல்லி முழுக்கப் பார்த்தது மூன்றாவது மாதிரி. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தீர்கள். தண்ணீர் அஞ்சு மணிக்குத்தான் வரும். வந்ததும் யாராவது மோட்டார் போட்டு இழுப்பார்கள், அந்தச் சத்தம் கேட்டு மற்றவர்கள் டிரம்மைத் தூக்குவார்கள், இதுதான் இங்கே முறை. அன்றைக்கு மூணு மணிக்கே சத்தம் கேட்டுப் பதினோரு வீட்டு டிரம் பைப்படிக்கு வந்துவிட்டது. ஜெயசீலி வந்து, “சிராஜண்ணே, யாரு மோட்டார் போட்டது, தண்ணி வரலியே?” என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். “மோட்டார் இல்ல ஜெயசீலி, எங்க மச்சான். கடையநல்லூர் கம்பெனி, அஞ்சு ஹார்ஸ்பவர்” என்று சொல்லிவிட்டேன். டிரம் தூக்கி வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் நீங்கள் விழித்துக்கொண்டீர்கள். ராத்திரிச் சாப்பாடுகூட இல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போனீர்கள். ரயில் பூனா தாண்டுவதற்குள் ஒற்றை ஸ்டார் வந்துவிட்டது. நீங்கள் எழுதியது எனக்கு மனப்பாடம்: ‘கறி நல்லா இருந்தது, என் தங்கச்சி கை அப்படி. ஆனால் வந்த ஆளுக்கு இங்கே மரியாதை கிடையாது. என் தங்கச்சியை இந்த வீட்டில் கொடுத்ததற்கு இருபத்தாறு வருடமாக வருத்தப்படுகிறேன். ஃபேனும் சரியில்லை.’

இதை முப்பத்தொன்பது பேர் ‘பயனுள்ளது’ என்று தொட்டிருக்கிறார்கள். அதில் ஒருத்தி உங்கள் தங்கச்சி. கேட்டேன். “ஃபேன் சரியில்லதான?” என்றாள். உரிமையாளர் பதில் எழுதலாம் என்று போன் சொன்னது. ‘மோட்டார் சர்வீஸ் ஆச்சா மச்சான்?’ என்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் பிளாக்.

போன செவ்வாய் நாகூர்கனி அண்ணன் லொகேஷன் கேட்டார். பரீஹா மேப்பை அனுப்பினாள். அரைமணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். “ஏன் பாய், உங்க வீட்டுல அஞ்சு மணியிலேருந்து சாப்பாடு உண்டுன்னு போட்டிருக்கே?” என்றார். உண்டு என்றேன். “ஜெயசீலின்னு ஒரு அம்மா, கக்கூஸ் லைன்ல ரெண்டே பேர்தான், ஓடி வாங்கன்னு அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கே?” பக்கத்து வீடு, நல்ல மனசு என்றேன். கடைசியில், “அந்த ஒத்த ஸ்டாரு யாரு பாய்? பொண்ணோட சொந்த மாமன்னு தெரியுது. என் வீட்டுக்காரி அதையே திரும்பத் திரும்பப் படிச்சிட்டு இருக்கா. என்னன்னு பாத்துச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டார். பரீஹா அன்றைக்கு ஏ.சி. பற்றிப் பேசவில்லை.

வீட்டையே மேப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். எடுக்கச் சொல்லித் தொட்டதில் ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று வந்துவிட்டது. சபுரா வீடு நிரந்தரமாக மூடப்பட்டது என்றால், வீட்டுக்காரனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதானே ஜனங்கள் நினைப்பார்கள்? புதன்கிழமை காலை லேபர் கேம்ப்பிலிருந்து ஏழு பேர் தொப்பியோடு வந்தார்கள். கதவைத் திறந்தது நான். ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, “மையத்த எப்ப எடுக்காங்க?” என்று என்னிடமே கேட்டார். வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, மேப்பில் வீட்டைத் திரும்பத் திறந்துவிட்டோம். சபுராவிடம், மூடிக் கிடந்த அந்த ஒரு ராத்திரி எப்படி இருந்தது என்று கேட்டேன். நிம்மதியாக இருந்தது என்றாள்.

ஆகையால் மச்சான், உங்களால் மட்டும்தான் முடியும். நீங்கள் எழுதியதற்குப் பக்கத்தில் மூன்று புள்ளி இருக்கும். அதைத் தொட்டால் ‘நீக்கு’ என்று வரும். அதைத் தொட்டால் போதும். அஞ்சு போடச் சொல்லவில்லை, அவ்வளவு பேராசை எனக்கில்லை. உங்கள் குறட்டையை நான் மோட்டார் என்று சொன்னது தப்பு. மோட்டார் என்றால் கரண்ட் போனால் நிற்கும். பாருங்கள், திரும்பவும் வந்துவிட்டது. அடிக்கலாம் என்றால் பெரியவர்களுக்கு எழுதும் காகிதத்தில் அடித்தல் இருக்கக் கூடாது என்று சபுரா சொல்லியிருக்கிறாள். அப்படியே இருக்கட்டும், மன்னிப்பையும் சேர்த்து வாசித்துக்கொள்ளுங்கள். நம் இரண்டு பேருக்குள் கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. பதினோரு டிரம்முக்கு முன்னால் கிடையாது. அது எனக்கு நீங்கள் போன அன்றைக்கே தெரியும். சொல்லத்தான் எட்டு மாதம் ஆகியிருக்கிறது.

சபுரா ஸ்டாரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “ஞாயித்துக்கெழம எங்க அண்ணன் வருவாவளா?” என்று மட்டும் கேட்டாள். ஸ்டார் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். “நான் ஸ்டாரையா கேட்டேன்?” என்றாள்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு சலாம், சிறியவர்களுக்கு துஆ. முழங்காலுக்குத் தைலம் தடவவும். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் எனக்குக் குட்டை நாக்கும் தருவானாக.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சியின் வருத்தத்துக்குரிய வீட்டுக்காரன்,
சிராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது நாகூர்கனி அண்ணன் கூப்பிட்டார். மேலே எழுதிய எல்லாம் ரத்து. ஸ்டாரைத் தொட்டுவிடாதீர்கள். அவர் வீட்டுக்காரி நாற்பத்து மூன்றையும் உட்கார்ந்து படித்தாளாம். அஞ்சு ஸ்டார் எதையும் நம்பவில்லையாம், சொல்லிவைத்துப் போட்ட மாதிரி இருக்கிறதாம். உங்களது ஒன்றைத்தான் நம்பினாளாம். “அவ்வளவு கோவத்துல இருக்குற மனுசன், மொதல் வரியில தங்கச்சி கறிய நல்லாருக்குன்னுதான எழுதியிருக்காரு? அந்த வீட்டுல பொண்ணு எடுக்கலாம். பொண்ணப் பெத்த அத்தாக்காரருக்கு வாய் நீளம்னா, அவரையா கூட்டிட்டு வரப்போறோம்?” என்றாளாம். ஒரே ஒரு நிபந்தனை: அந்த ஒற்றை ஸ்டார் போட்டவர் ஞாயிற்றுக்கிழமை முன்னால் வந்து உட்கார வேண்டும், அவரோடுதான் பேசுவார்களாம். நான் பக்கத்தில் சும்மா இருந்தால் போதுமாம். ஆகவே அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள். புது ஃபேன் மாட்டியாகிவிட்டது. நீங்கள் மதியம் நன்றாகச் சாப்பிட்டுப் படுக்கலாம். மூணு மணிக்கு மோட்டார் சத்தம் கேட்டால் யாரும் டிரம்மைத் தூக்க வேண்டாம், சபுராவின் அண்ணன் வந்துவிட்டார் என்று அர்த்தம் என ஜெயசீலியை எழுதச் சொல்லியிருக்கிறேன். அஞ்சு ஸ்டாரோடு எழுதிவிட்டாள்.