பதினைந்து நாள் கும்பிடு

ஏழு ஓடைகள் வந்து விழும் ஒரே ஓர் ஏரியை நம்பி நீர்மங்கலம் என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு மன்னருக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் ஏரிக்கு அவர் பெயர்தான் வைக்கப்பட்டிருந்தது.

ஏரியில் மீன் ஆண்டுக்காண்டு குறைந்தது. காரணத்தைக் கண்டறிய யசோதரை என்ற ஆராய்ச்சியாளரை மன்னர் நியமித்தார். அவள் உண்மையிலேயே கண்டறிந்துவிடுவாள் என்று யாரும் அவரை எச்சரிக்கவில்லை.

யசோதரை மூன்று ஆண்டுகள் ஓடைவாயில் முழங்காலளவு நீரில் நின்றாள். வலையில் வரும் மீனிலிருந்து ஒரு செதிலை எடுத்து உருப்பெருக்கியில் பார்ப்பாள். மரத்தை அறுத்தால் தெரிவதுபோல் செதிலிலும் வளையங்கள் உண்டு. அவற்றைக்கொண்டு மீனின் வயதைச் சொல்லலாம். அவளுடைய அறிக்கை ஒரே பக்கம். ஐப்பசியில் புதுவெள்ளம் வந்ததும் சினை மீன்கள் ஓடைகளில் எதிரேறிப் போய் மேலே புல்வெளியில் முட்டையிடுகின்றன. அந்தப் பதினைந்து நாள் மட்டும் ஓடைகளில் வலை போடாதிருந்தால் போதும்.

அவையில் மீன்வள அமைச்சர் மகுடேசர் எழுந்தார்.

"பதினைந்து நாள் தடை என்பது வரலாறு காணாத முடிவு. மனமார வரவேற்கிறேன். ஆனால் ஐப்பசியில் மீன் பெருவிழா வருகிறது. மன்னருக்குச் சினை மீன் விருந்து வைத்தாக வேண்டும். ஆகவே தடையைச் சித்திரைக்கு மாற்றலாம். மன்னரின் பிறந்தநாளும் அப்போதுதான்."

"சித்திரையில ஓடையில தண்ணியே இருக்காதே ஐயா," என்றாள் யசோதரை.

"அதனால்தான் தடை முழு வெற்றி பெறும் என்கிறேன்."

வெற்றி பெற்றது. சித்திரை மாதம் முழுவதும் காய்ந்த ஓடைகளில் ஒருவர்கூட வலை வீசவில்லை. காவலர்களுக்குப் பதக்கம் வழங்கப்பட்டது.

மறு ஆண்டு மீன் இன்னும் குறைந்தது. எனவே விழாவுக்கு வீட்டுக்கு ஒரு கூடை என்றிருந்த சினை மீன் வரி, இரண்டு கூடையாக உயர்த்தப்பட்டது. கூடைகள் கூடினால் ஏரி செழிக்கிறது என்றுதானே பொருள். அதற்கடுத்த ஆண்டு நன்றிச் சட்டம் வந்தது. வலை வீசுமுன் மலைமேலிருக்கும் அரண்மனையைப் பார்த்துக் கைகூப்பி மூன்று முறை உரக்க நன்றி சொல்ல வேண்டும். மீன் கிடைக்காதவர்கள் நான்கு முறை.

ஏரிக்கரையில் இரண்டு பெண் பிள்ளைகளோடு இருந்தவள் செம்பாயி. ஒரு பரிசலும் ஒரு வலையும் அவளுடைய சொத்து. அந்தப் புரட்டாசியில் ஒரு வாரம் வலை வீசி அவள் பிடித்தது விரல் நீளத்தில் ஒன்பது மீன். யசோதரை செதில்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எல்லாம் குஞ்சுக்கா. சினை பிடிக்கிற வயசுல சின்னக் கூட்டம் ஒண்ணுதான் ஏரியில மிச்சம் இருக்கு. இந்த ஐப்பசியில அதுங்க மேல ஏறலேன்னா அவ்வளவுதான்."

"ஏரி?"

"தண்ணி இருக்கும்."

செம்பாயி வலையைக் கீழே போட்டாள். "கூடை குடுக்கலேன்னா பரிசலப் புடுங்கிருவானுங்க தாயி. குடுத்தா ஏரியே போயிரும். நான் எதுக்குன்னு அழுவறது?"

பக்கத்தில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒச்சப்பன் சொன்னான்: "மொதல்ல நன்றி சொல்லிட்டு அழு. சட்டம் இருக்குல்ல."

செம்பாயிக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் நிறுத்தினாள்.

"ஏண்டா ஒச்சப்பா, கும்புட்ட கையில வலையப் புடிக்க முடியுமா?"

மறுநாள் ஏரிக்கரையே அரண்மனைக்குப் போனது. செம்பாயி முன்னால் நின்றாள்.

"மகாராசா, வலை வீசுற அவசரத்துல மூணே தடவ நன்றி சொல்லிட்டுப் போறது எங்களுக்கே கூச்சமா இருக்கு. புதுத்தண்ணி வந்த நாள்லேர்ந்து பதினஞ்சு நாளு, ஓடைக்கரையில நின்னு கும்புட்டுக்கிட்டே இருக்கோம். வேற வேலைய கையால தொட மாட்டோம்."

"அப்படியானால் விருந்துக்கு மீன்?" என்று மகுடேசர் மன்னரின் காதருகே குனிந்தார்.

மன்னர் யோசித்தார். மீன் எந்த ஆண்டும் கிடைக்கும் என்று அவருக்குத் தோன்றியது. தானாக நடந்து வந்த நன்றி இதுவரை வாய்த்ததில்லை.

"விருந்துக்குப் பூசணிக்காய் போதும். கையை இறக்குபவருக்குக் கசையடி," என்றார்.

வெள்ளம் வந்தது. வீட்டுக்கு ஒருவராக எண்ணூறு பேர் ஓடைகளுக்கு முதுகு காட்டி, அரண்மனையைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்கள். யாரும் கையை இறக்காதபடி காவலர்கள் இமைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் விடியற்காலையில் செம்பாயியின் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சளசளத்தது. கல்லில் வால்கள் அடிக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. பின்னால் நீரில் நின்றுகொண்டிருந்த யசோதரை, "ஏறுதுக்கா," என்று மெல்லச் சொன்னாள்.

"நன்றி," என்றாள் செம்பாயி. கண்ணீர் மோவாயில் வழிந்தது. அதைத் தொலைநோக்கியில் கண்ட மன்னரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறு ஆண்டு ஏரியில் மீன் துள்ளியது. நன்றி சொன்னால் மீன் பெருகும் என்று கல்வெட்டு நடப்பட்டது. இனி ஆராய்ச்சி தேவையில்லை என்று யசோதரையின் பதவி நீக்கப்பட்டது. ஏரிக்கரையில் நாளுக்கொரு வீட்டில் அவளுக்கு இலை போடுகிறார்கள். எண்ணூறு வீடுகள் என்பதால் முறை வருவதற்குள் சண்டை வந்துவிடுகிறது.

அண்டை நாடுகளும் இப்போது நன்றி நாட்களை அறிவித்து வருகின்றன. எங்கேனும் ஆள்பவரின் படத்துக்கு முன்னால் மக்கள் கூட்டமாகக் கைகூப்பி நிற்பதைக் கண்டால் அவசரப்பட்டுச் சிரித்துவிட வேண்டாம். அவர்கள் முதுகுக்குப் பின்னால் எது ஏறிப் போகிறது என்று பார்த்துவிட்டுச் சிரிக்கலாம்.