சிவப்புக் காரின் சைலன்சர் விஷயமாக

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் சனிக்கிழமை காலை, காபி ஆறிக்கொண்டிருக்கும் நேரத்தில் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை, போன வாரம் ஒழுகிய கொல்லைக் குழாய் உட்பட எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் அவள் வயிற்றில் இருக்கும் குட்டி ஆசாமியும் அதேபோல் சௌக்கியமாக இருக்க வேண்டும். சௌக்கியமில்லாத ஒரே ஜீவன், நீங்கள் எங்கள் ஷெட்டில் விட்டுப்போன அந்தச் சிவப்புக் கார்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். போனில் நான் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் நீங்கள் "சரி மாமா, வச்சுடறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி இல்லை. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காரை விற்றுவிடலாம். எங்கள் மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். நாளை காலை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வருகிறார். நீங்கள் சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் போதும். என் மகளின் விருப்பமும் அதுதான் என்று உங்களுக்குத் தெரியும். "ரெண்டே ரெண்டு கதவுப்பா. பின்சீட்ல ஒரு தலைகாணி உக்காராது. குழந்தையை எங்க வைக்கிறது, டிக்கிலயா? நான் சொன்னா அவர் கேக்க மாட்டார், நீங்க எழுதுங்க" என்று தினமும் போன் போடுகிறாள். அவள் சொல்லுக்காக மட்டும் எழுதவில்லை மாப்பிள்ளை, நானே பட்டுத் தெளிந்து எழுதுகிறேன்.

போன மாதம் நீங்கள், "மாமா, சைலன்சர் துருப்பிடிச்சு ஓட்டையாயிடுச்சு, நல்லதா ஒண்ணு பார்த்துப் போட்டு வைங்க, உங்க இஷ்டம்" என்றீர்கள். கல்யாணமாகி இந்த ஆறு வருஷத்தில் நீங்கள் என்னை நம்பி ஒரு காரியம் ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பத்தோரு வருஷம் நூலகராக இருந்தவன், ஒரு நாற்காலி வாங்குவதானாலும் முறைப்படி வாங்கியவன், போயும் போயும் ஒரு சைலன்சர் வாங்க முடியாதா என்று நினைத்தேன். சைலன்சர் என்றால் சத்தத்தை அடக்குவதுதானே, நானும் அதே உத்தியோகம்தானே பார்த்தேன் என்று அதன் மேல் ஒரு சொந்தம் வேறு. அங்கேதான் சறுக்கினேன்.

பட்டறைக்காரரை உங்களுக்குத் தெரியும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து நோயைக் கண்டுபிடிப்பதால் எல்லோரும் வைத்தியர் என்று கூப்பிடுவார்களே, அவரேதான். அவரிடம் போய், "சத்தமே வராத சைலன்சரா ஒண்ணு குடுங்க" என்றேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், இந்தக் காருக்கு இருபத்தாறு வயசு. வேகத்துக்குன்னே செஞ்ச வண்டி. இதுக்கு சைலன்சர் மாத்தணும்னு வர்றவங்க யாரும் சத்தம் வேணாம்னு வர மாட்டாங்க. எந்தச் சத்தம் வேணும், அதைச் சொல்லுங்க" என்றார். எந்தச் சத்தம் என்றால் என்னத்தைச் சொல்வது? அவரே அடுக்க ஆரம்பித்தார். கடைசி டப்பாவை மட்டும் மாற்றலாமாம், நடுவிலிருந்து குழாயோடு சேர்த்து மாற்றலாமாம், துணிச்சல் இருந்தால் இன்ஜினிலிருந்தே மாற்றலாமாம், சாதா இரும்பாம், துருப்பிடிக்காத ஸ்டீலாம், குழாய் இரண்டு இன்ச்சாம், இரண்டே காலாம், இரண்டரையாம். "பெருசா இருந்தா நல்லதுதானே?" என்று கேட்டுவைத்தேன். "எல்லாரும் அங்கதான் சார் ஏமாறாங்க. பழைய இன்ஜின். குழாயைப் பெருசாக்கினா நெடுஞ்சாலையில பறக்கும், ஆனா சிக்னல்ல இருந்து கிளம்பறதுக்குள்ள பின்னாடி இருக்கிறவன் உங்களைத் திட்டி முடிச்சிருப்பான்" என்றார். நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அட்டை அட்டையாக எழுதி அகர வரிசையில் அடுக்கினேன். அடுக்கியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி ஒரு நிம்மதி. நூலகத்தில் அப்படித்தான் தீரும்.

அடுத்து மூன்று கடைகளுக்கு, "தங்கள் தயாரிப்பின் மாதிரியை அனுப்பி வைக்கவும்" என்று முறைப்படி கடிதம் எழுதினேன். மூன்று பேரும் சைலன்சரை அனுப்பாமல் அதன் சத்தத்தைப் பதிவு செய்து போனுக்கு அனுப்பினார்கள். சரி, போகட்டும் என்று தேர்வுக் குழு ஒன்று அமைத்தேன். உறுப்பினர்கள்: நான், உங்கள் அத்தை, எங்களைப் பார்க்க வந்து வசமாக மாட்டிக்கொண்ட உங்கள் அம்மா. எந்தச் சத்தம் எந்தக் கடையுடையது என்று யாருக்கும், எனக்கும்கூட, தெரியாதபடி குலுக்கிப் போட்டு அ, ஆ, இ, ஈ என்று சீட்டு ஒட்டினேன். கடை மூன்று, சீட்டு நான்கா என்று கேட்காதீர்கள். புதுப் பிரதி வாங்குமுன் கையிருப்பில் இருக்கும் பழைய பிரதியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும் என்பது நான் முப்பத்தோரு வருஷம் மீறாத விதி. அதனால் நம் ஓட்டைச் சைலன்சரின் சத்தத்தையும் நானே பதிவு செய்து சேர்த்திருந்தேன். ஹால் ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். முதலாவதற்கு உங்கள் அத்தை, "தண்ணி மோட்டார்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இரண்டாவதற்கு உங்கள் அம்மா, "இது எங்க வீட்டுக்காரர் குறட்டை, இதைக் காசு குடுத்து வேற வாங்கணுமா?" என்றார். மூன்றாவது முடியும்வரை இருவரும் எங்கேயோ நடந்த கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான்காவது வந்ததும் பாருங்கள், உங்கள் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "இதுல ஒரு கம்பீரம் இருக்கு சம்பந்தி!" "ஆமாங்க, இதையே வாங்கிடுங்க" என்றாள் உங்கள் அத்தை. நானும் அதற்குத்தான் ஓட்டுப் போட்டேன். மூன்றுக்கு மூன்று. சீட்டைப் பிரித்துப் பார்த்தால் நம் ஷெட்டில் நிற்கிற அதே ஓட்டை.

"அப்ப அதான் ஏற்கெனவே நம்மகிட்ட இருக்கே, எதுக்குங்க புதுசு?" என்று உங்கள் அத்தை கேட்டாள். வைத்தியரிடம் சொன்னபோது அவர் சிரிக்கச் சிரிக்க நிற்க முடியாமல் ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு மனமிரங்கி, "போன்ல கேட்டா என்ன சார் தெரியும்? வேற வண்டிங்கள்ல இருந்து கழட்டினது மூணு கிடக்கு, மாட்டித் தரேன், ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றார். பழையதைக் கழற்றும்போதே இரண்டு போல்ட் முறிந்துவிட்டன, ரப்பர் கொக்கிகள் தொட்டதும் உதிர்ந்தன. அதை நல்ல சகுனமில்லை என்று எடுத்துக்கொண்டு அப்போதே நான் பஸ் ஏறியிருக்க வேண்டும்.

முதலாவது இரண்டரை இன்ச். மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் நம் நூலகம் இருக்கிறது என்பது எனக்கு மறந்தா போகும்? மறந்துதான் போயிற்று. வாசலை நெருங்கும்போது ஒரு சைக்கிள் குறுக்கே வர, பிரேக்குக்குப் பதில் பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்துவிட்டேன். கிளட்ச் மிதித்திருந்ததால் கார் பாயாமல் தெருவே அதிர உறுமியதோடு நின்றது; சைக்கிள்காரர் பிழைத்தார், என் மானம்தான் கப்பலேறியது. வாசிப்பறை ஜன்னல் முழுக்கத் தலைகள். என் இடத்துக்கு வந்திருக்கும் புது நூலகர், நான் என் கையாலேயே எழுதி மாட்டிய 'அமைதி காக்கவும்' பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார். ஓட்டுநரைப் பார்த்ததும் பலகையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "ஐயா... நீங்களா?" என்றார். "சைலன்சர் வாங்க வந்தேம்மா" என்று நான் உளறினேன். இன்ஜினை அணைத்துவிட்டுத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். நான் ஒருகாலத்தில் உரக்கச் சிரித்ததற்காக வெளியே அனுப்பிய வாசகர் ஒருவர் வந்து கூடத் தள்ளினார். தள்ளும்போதும் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.

இரண்டாவது சைலன்சர் பார்வைக்குப் பரம சாது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு வந்தால் காருக்குள் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் எழும்பும், பல்செட் முதல் மூக்குக்கண்ணாடி வரை எல்லாம் நடுங்கும். அன்றைக்கு உங்கள் அத்தையையும் கூட்டிப்போயிருந்தேன். நான் சொன்னதுக்கெல்லாம் பக்கத்திலிருந்து "ம்" வந்தது. என்றைக்கும் இல்லாத திருநாளாக இப்படி ஒத்துப்போகிறாளே என்று உச்சி குளிர்ந்து, படுக்கையறையிலும் ஒரு புத்தக அலமாரி போட்டுவிடலாமா என்று கேட்டேன். அதற்கும் "ம்". மறுநாள் தச்சர் அளவெடுக்க வந்து நின்றபோதுதான், அவள் கிளம்பிய பத்தாவது நிமிஷமே தூங்கிவிட்டாள் என்பதும், சம்மதம் சொன்னதெல்லாம் சைலன்சர் என்பதும் தெரிந்தது. அதன் பிறகு நடந்ததை எழுதப் போவதில்லை.

மூன்றாவது, நான் ஆசைப்பட்ட மாதிரியே சத்தமே இல்லாதது. அப்பாடா என்று தபால் ஆபீஸ் வாசலில் நிறுத்தி, பூட்டிக்கொண்டு உள்ளே போய், வரிசையில் நின்று, தபால்தலை வாங்கி, பழைய சகா ஒருவருடன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிவிட்டு வந்து பார்த்தால், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது! சாவியும் உள்ளேதான். இருபது பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்ல, வைத்தியர் வந்து ஒரு கம்பியை விட்டுத் திறந்தார். திறந்தவர் போகிற போக்கில், "சார், நாலாவதா ஒண்ணு இருக்கு. நடுவுல இருந்து பின்னாடி வரைக்கும், ரெண்டே கால் இன்ச், நல்ல ஸ்டீல். நடுவுல ஒரு சின்ன டப்பா வச்சு அந்த ரீங்காரத்தை எடுத்துடுவேன். சத்தமும் சட்டத்துக்குள்ள அடங்கும்" என்றார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, போதும். இது நமக்குச் சரிப்பட்டு வராது. குழந்தை பிறக்கப் போகிற வீட்டுக்கு நாலு கதவுள்ள, வாயில்லாப் பூச்சி மாதிரி ஒரு வண்டிதான் லாயக்கு. பல் டாக்டர் நல்ல மனிதர், காரைப் பத்திரமாக வைத்துக்கொள்வார். இதை உங்கள் மாமனாரின் இறுதியான, உறுதியான, மறுபரிசீலனைக்கு இடமில்லாத கருத்தாக எடுத்துக்கொண்டு உடனே சம்மதம் எழுதவும்.

மகளை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லவும், மாடிப்படியில் ஓட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லவும். இருவரும், விரைவில் மூவரும், நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதங்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மாமா

பின்குறிப்பு (ஞாயிறு மதியம், வேண்டுமென்றே தனித்தாளில்):

மாப்பிள்ளை, மேலே எழுதியதில் ஒரு வரியையும் பொருட்படுத்த வேண்டாம். நல்லவேளை, நேற்று நான் போவதற்குள் தபால் ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள்.

நேற்றுச் சாயங்காலம் வைத்தியர் மூன்றாவதைக் கழற்றிக்கொண்டு, "டாக்டருக்கு ஓட்டிக் காட்ட ஏதாவது வேணுமில்ல சார்" என்று அந்த நாலாவதை மாட்டிவிட்டுப் போனார். இன்று காலை டாக்டர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊர் தாண்டி நேர் ரோடு வந்ததும் அவர் ஒரு மிதி மிதித்தார் பாருங்கள், எனக்கு அப்படியே புல்லரித்துவிட்டது. அலறலும் இல்லை, ரீங்காரமும் இல்லை. நல்ல சாரீரம் உள்ள ஒருவர் அடிவயிற்றிலிருந்து பாட ஆரம்பித்த மாதிரி இருந்தது. "இன்னும் கொஞ்சம் மிதிங்க டாக்டர்" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "வாங்கினதும் மொத வேலையா இந்தச் சத்தத்தை நிறுத்தணும் சார். நாள் பூரா டிரில் சத்தம் கேட்டுக் காதே போச்சு. எனக்குக் கலர் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "ஓரமா நிறுத்துங்க" என்றேன். "என்ன சார், தலை சுத்துதா?" என்று பதறினார். "கார் விக்கிறதுக்கு இல்ல டாக்டர். இறங்கி இந்தப் பக்கம் வாங்க, நான் ஓட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

அப்புறம் உங்கள் அத்தையை உட்கார வைத்து ஒரு சுற்றுப் போனேன். வீட்டு வாசலில் நிறுத்தியதும், "இன்னொரு சுத்து போங்களேன்" என்றாள். முப்பத்தோரு வருஷம் ஊரையெல்லாம் வாயை மூடச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன் மாப்பிள்ளை, இதையும் மூடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ரொம்ப, ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறேன். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொன்னால் புரியும்?

குழந்தைக்கு நாலு கதவு வண்டி தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், சிவப்பு இங்கேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். ஒருவேளை உங்களுக்கே விற்க மனசு வந்திருந்தால் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். இதை உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புவதே இதற்காகத்தான்: இந்தத் தாளைப் படித்ததும் கிழித்துவிட்டு, மேலே உள்ள கடிதத்தை மட்டும் என் மகளிடம் காட்டுங்கள். அப்பா எவ்வளவு போராடியிருக்கிறார் என்று தெரியட்டும். அவளைப் பொறுத்தவரை, விற்கவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்பது நீங்கள்தான். அவள் அழுதுகொண்டு எனக்கு போன் செய்தால், "விட்டுக்குடும்மா, அவர் ஆசை" என்று நான் உங்களுக்காகப் பரிந்து பேசுகிறேன்.