சொல்லச் சொன்னார்

"இந்தத் தூக்க மாத்திரையை யாரு குடுத்தது?"

காலை ரவுண்டில் பெரிய டாக்டர் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார். கட்டிலில் கிடந்த ஸ்டூடியோக்காரர் பதில் சொல்லும் நிலையில் இல்லை. வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க பார்க்கச் சொன்ன மனநல டாக்டரம்மாதான் சார் குடுத்தாங்க."

"நான் பார்க்கத்தானே சொன்னேன்? என் வார்டுல மருந்து குடுக்கச் சொன்னேனா? நிறுத்திட்டேன்னு போய்ச் சொல்லுங்க."

"நானா?"

"நீங்கதான் அவங்களைப் பார்க்கப் போறீங்களே" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவள் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருப்பவள். தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்களிடம், "இது எங்க பிரிவு இல்ல, மாடிக்குப் போங்க" என்று சொல்லியே தலை நரைத்தவள். அலுவலகத்தில் அவளுக்கு இடியம்மா என்று பெயர். காதுபடவே சொல்வார்கள். அவளும் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வாள். அப்படிப்பட்டவளையே ஒருவர் மாடிக்கு அனுப்பினால் எப்படி இருக்கும்?

அவள் புருஷன் ஒரு குடும்பத்தை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, நெஞ்சு படபடக்கிறது என்று கேமராவோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். இங்கே கொண்டுவந்து போட்டார்கள். நெஞ்சுக்கான சோதனை எல்லாம் எடுத்துப் பார்த்தார் மீசை. "இதயம் இரும்பு மாதிரி இருக்கு" என்றார். இரும்பு விடாமல் அடித்துக்கொண்டது. கை நடுங்கியது. தூக்கம் இல்லை. உடனே மீசை, "அப்ப இது மனசு. நாலாவது மாடி" என்றுவிட்டார்.

"மனசாம்!" என்று அவள் மருமகளிடம் பொரிந்தாள். "உங்க மாமாவுக்கு வேலையில மனசு இல்லைன்னு நான் அப்பவே சொல்லலியா? எடுக்கிற பாஸ்போர்ட் படத்துல எல்லாம் ஆளுக்கு ரெண்டு மூக்கு. சட்டை வேற தொளதொளன்னு தொங்குது, அளவாத் தச்சுக்கச் சொல்லுன்னு எத்தனை தடவை உங்கிட்ட சொல்லியிருப்பேன்!"

"சொன்னீங்க அத்தை" என்றாள் மருமகள். வந்த நாளிலிருந்து சாது என்று பெயர் எடுத்தவள்.

நாலாவது மாடிக்கு லிஃப்ட் உண்டு. அது ஓடும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அவள் மூச்சு வாங்க ஏறிப் போனாள்.

கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த டாக்டரம்மா, செய்தியைக் கேட்டு உதட்டைச் சுழித்தார்.

"நிறுத்திட்டாராமா? சந்தோஷம். உங்க வீட்டுக்காரர்கிட்ட நேத்து ரொம்ப நேரம் பேசினேன். அவருக்கு மனசுல எதுவும் இல்ல. தைராய்டு பார்க்கணும். ரத்தத்துல ஒரு டெஸ்ட். எடுக்கச் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"நீங்களே எழுதக்கூடாதா?"

"அவர் வார்டும்மா. அவர் எழுதணும்."

"ஒரு போன் பண்ணிச் சொல்லலாமே?"

டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கண்டிப்பாகப் பார்த்தார். "சொல்லுங்க" என்றார்.

சொன்னாள். மீசை துடித்தது.

"என் வார்டுல என்ன டெஸ்ட் எடுக்கணும்னு எனக்குத் தெரியும்னு சொல்லுங்க."

இதை அப்படியே சொல்லியிருந்தால் ஓரளவோடு போயிருக்கும். படியேறும்போது மூட்டு வலித்தது. கோபம் மூட்டுக்கு மூட்டு ஏறியது. மேலே போனபோது அவள் வாயிலிருந்து வந்தது இதுதான்: "உங்களுக்கு வேலையே தெரியாதுன்னு சொல்றாரும்மா."

"அப்படியா சொன்னாரு? சரி. இனிமே இந்தக் கேஸ்ல நான் இல்லைன்னு சொல்லிடுங்க."

கீழே மீசை அதைக் கேட்டு, "ரொம்ப நல்லது. அப்ப நாளைக்கு வீட்டுக்கு அழைச்சிட்டுப் போங்க" என்றார்.

நடுங்குகிற கையும் படபடக்கிற நெஞ்சுமாக மனுஷனை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? திரும்பவும் கேமராவோடு விழுந்தால்? அந்தத் தடவை எழுந்திருக்காவிட்டால்? நினைத்ததும் கண் கலங்கியது. கலங்கியதற்காகவும் அவளுக்குக் கோபம் வந்தது.

"இவங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா சிஸ்டர்?" என்று நர்ஸைப் பிடித்துக்கொண்டாள்.

"சேச்சே! எப்பவோ ஒரு மீட்டிங்ல, மேல இருக்கிறவங்க வெறும் பேச்சு டாக்டருன்னு இவரு சொல்லிட்டாராம். அதுலேருந்து நேர்ல பேச்சு கிடையாது. நோயாளி வீட்டு ஆளுங்கதான் தூது."

"படிச்ச லட்சணம்!" என்றாள். கட்டிலருகே வந்து, "ஏம்மா, உங்க மாமாவுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்றாள் மருமகளிடம்.

"வேணாம்னு சொல்லும்மா" என்றார் அப்போதுதான் விழித்திருந்த ஸ்டூடியோக்காரர்.

"வேணாமாம் அத்தை."

கோபம் வேலைக்கு ஆகவில்லை, இனிப்புத் தடவிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தாள். மேலே போய், "அவரு உங்களைப் பத்திப் பெருமையாத்தான் பேசறாரும்மா. ஏதோ கோவத்துல சொல்லிட்டாராம்" என்று புளுகினாள். டாக்டரம்மா முகம் மலர்ந்தது.

"அவ்வளவுதானே? சரி, நான் விட்டுப் போகல. ராத்திரி என் மாத்திரையைப் பாதி குடுக்கட்டும். படபடப்புக்கு அவர் குடுக்கிறதை மட்டும் நிறுத்தவே கூடாது. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

பாதி, நிறுத்தக்கூடாது, பாதி, நிறுத்தக்கூடாது என்று மனப்பாடம் செய்துகொண்டே இறங்கினாள். இரண்டாவது மாடியில் ஒரு தள்ளுவண்டிக்காரன் அவள் கால்மேல் ஏற்றிவிட்டான். அவனை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வார்டுக்கு வந்தபோது, மனப்பாடம் இடம் மாறியிருந்தது. படபடப்பு மாத்திரை பாதி, தூக்க மாத்திரை கிடையாது என்று மீசையிடம் சொன்னாள்.

"பரவாயில்லையே, என் மாத்திரையில கை வைக்கிற அளவுக்கு வந்துட்டாங்களா? சரி, வச்சுப் பார்க்கட்டும். அப்புறம் தெரியும்" என்று அவர் வீம்புக்கு அப்படியே எழுதிவிட்டார்.

மறுநாள் காலை அவள் வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. ஸ்டூடியோக்காரர் பக்கத்து வார்டில் நின்றுகொண்டிருந்தார். கால் ஒடிந்தவர்களை எல்லாம் சுவரோரம் வரிசையாக உட்காரவைத்து, கையில் கேமரா இல்லாமலே, "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க... சிரிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. வேர்த்துக் கொட்டியது. நாடியைப் பிடித்த நர்ஸ் எண்ண முடியாமல் விட்டுவிட்டாள்.

அதற்குமேல் இடியம்மா பொறுக்கவில்லை. மாடிக்குப் போய், "அவரு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணுமாம், கீழே வரச் சொன்னாரு" என்றாள். கீழே வந்து, "அவங்க மன்னிப்புக் கேக்க வந்துக்கிட்டு இருக்காங்க, கட்டில்கிட்ட நில்லுங்க" என்றாள்.

இருவரும் வந்தார்கள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் மீசை, அந்தப் பக்கம் கண்ணாடி. நடுவில் ஸ்டூடியோக்காரரை நர்ஸும் மருமகளும் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர்கள் இருவரும் மன்னிப்புக்காகக் காத்திருந்தார்கள்.

"என்ன ஆச்சுன்னு அவரைக் கேளுங்க" என்றார் டாக்டரம்மா, அவளைப் பார்த்து.

"அவங்க சொன்னபடிதான் குடுத்தேன்னு சொல்லுங்க" என்றார் மீசை, அவளைப் பார்த்து.

அவ்வளவுதான். இடி இறங்கியது.

"எதிர்ல நிக்கிற ஆளுகிட்ட நேராப் பேசினா வாய் வெந்துபோயிடுமா? நடுவுல ஒருத்தியை நிக்க வச்சு, சொல்லுங்க, சொல்லுங்கன்னா, நான் என்ன தபால்பெட்டியா? நடுவுல நிக்கிறவ ஒண்ணை மறப்பா. ஒண்ணை மாத்திச் சொல்லுவா. கோவம் வந்தா ஒண்ணைக் கூட்டிச் சொல்லுவா. நானும் அதைத்தான் செஞ்சேன், போதுமா? போறது உங்க உசுரா? இந்த மனுஷன் உசுரு! வெக்கமா இல்ல? ரெண்டு பேரும் இங்கேயே, என் கண்ணு முன்னாடி, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துப் பேசுங்க. பேசாம இங்கேருந்து யாரும் நகரக்கூடாது!"

வார்டு முழுவதும் எழுந்து உட்கார்ந்தது. பக்கத்துக் கட்டில்காரர் ஒருவர் கை தட்டினார்.

மீசை தொண்டையைச் செருமினார். "நீங்க... தைராய்டுன்னு ஏன் நினைச்சீங்க?"

"கை நடுக்கம். நல்லாச் சாப்பிட்டும் இளைச்சிருக்காரு. உள்ளங்கை எப்பவும் ஈரம்" என்றார் டாக்டரம்மா. "நீங்க பார்த்தப்ப கழுத்துல வீக்கம் இருந்துச்சா?"

"தொட்டுப் பார்க்கல" என்றார் மீசை மெதுவாக. உடனே குனிந்து தொட்டுப் பார்த்தார். "லேசா இருக்கு."

ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். மாத்திரைகள் சரியான இடத்துக்குத் திரும்பின. மறுநாள் இருவரும் ஒன்றாகவே வந்தார்கள்.

"தைராய்டேதான். அளவுக்கு மேல சுரக்குது. மருந்துலயே சரியாயிடும்" என்றார் மீசை. "டாக்டரம்மா சரியாச் சொன்னாங்க."

அவளுக்கு உடம்பில் இருந்த பாரமெல்லாம் இறங்கியது. சேலைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா, இது நேத்து வந்ததில்ல" என்றார் டாக்டரம்மா. "மாசக்கணக்கா இருந்திருக்கும். வீட்டுல ஒருத்தரும் கவனிக்கலையா?"

"அதானே" என்றார் மீசை.

போன கோபம் அவளுக்குப் பொங்கிக்கொண்டு திரும்பி வந்தது. ஊரார் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாரே இந்த மனுஷன்! மருமகள் பக்கம் திரும்பினாள்.

"கேளும்மா உங்க மாமாவை! இத்தனை நாளா ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலைன்னு கேளு!"

ஸ்டூடியோக்காரர் கூரையைப் பார்த்தார். "சொன்னேன்னு சொல்லும்மா உங்க அத்தைகிட்ட."

இரண்டு டாக்டர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருமகள் புடவை முனையைத் திருகினாள்.

"மன்னிச்சிருங்க அத்தை. நான் நம்ம வீட்டுக்கு வந்த புதுசுலயே, கை நடுங்குது, தூக்கம் வரலைன்னு மாமா உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு. அன்னைக்கு நீங்க மாமாகிட்ட சொல்லச் சொன்னதே ஏழெட்டு இருந்துச்சு, அதுல இது மறந்தே போச்சு."