ஷேக் ஊதிய மோர்

ஷேக் புராவி ஓதி ஊதிய மோரை ஒரு மிடறு குடித்தால் போதும். வைரஸ் வாசலிலேயே செருப்பைக் கழற்றி, கைகட்டி மன்னிப்புக் கேட்டு, பின்னோக்கி நடந்தே போய்க் கடலில் விழும். கடலோர நாபல் நகரமே சத்தியம் செய்தது. விழுந்த சத்தத்தைத் தன் காதால் கேட்டதாக ஒரு மீன்காரர் சொன்னார்.

மோர் வாங்க நின்ற வரிசை மண்பாண்டக் கடைகளைச் சுற்றி, ஆரஞ்சுத் தோப்பைத் தாண்டி, அடுத்த ஊரில் போய் மூச்சு வாங்கியது. வரிசையில் பிறந்த பிள்ளைக்கு வரிசையிலேயே பெயர் வைத்தார்கள் என்றால் பாருங்கள்!

ஷேக்கின் விளம்பரப் பலகை ஓர் எலிக்கூண்டு. அந்தக் குளிர்காலத்தில் கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கால் வாடின. எலிகளுக்கும் அதே வகை வைரஸ் ஒன்று உண்டு. ஊர் எலிகளெல்லாம் கழிந்து கிடக்க, ஷேக்கின் எலிகள் மட்டும் மாப்பிள்ளைகள் போல் உலாவின.

"என் மூச்சு எலியையே காப்பாத்துது. உங்க பிள்ளையைக் காப்பாத்தாதா?" என்பார். குலவை வானைப் பிளக்கும்.

மன்னூபியாவுக்கு வயிறு எரிந்தது. ஆய்வுக்கூடத்தில் எலிக்குடலின் பாக்டீரியாவை ஆராய்கிறவள் அவள். ஷேக் சம்பாதிப்பது அவளுக்குக் கவலை இல்லை. தங்கை ரவ்தாவின் பிள்ளை இயாத்துக்கு இன்னும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் சொட்டு மருந்து போடவில்லை. அதுதான் கவலை.

"இந்த மாசம் தாண்டினா முதல் சொட்டு போடுற வயசே போயிடும்டி!"

"மோரை நாக்குல தடவியாச்சு அக்கா. சொட்டு மருந்தும் மோரும் வயித்துக்குள்ள சண்டை போடுமாம், ஷேக் சொல்லிட்டார்."

"சண்டை போட மோருக்கு மீசை முளைச்சிருக்கா?"

"எலி மேய்க்கிற உனக்கு என்ன தெரியும்? முதல்ல அவரை ஜெயிச்சுக் காட்டு. அப்புறம் நீ சொல்றதைக் கேக்கறேன்."

மன்னூபியா ஷேக்கை ஆய்வுக்கூடத்துக்கே அழைத்தாள்; பின்னாலேயே ஊரும் வந்தது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இரண்டு கூண்டு எலிகள். இரண்டுக்கும் மனிதரைச் சீண்டாத அந்த எலி வைரஸைக் கொடுப்பாள். ஒரு கூண்டின் மேல் மட்டும் ஷேக் ஊதுவார். ஊதுகிற கூண்டில் தன் வீட்டு எலிகள் படுத்த மரத்தூளைத்தான் பரப்ப வேண்டும் என்று அடம்பிடித்தார். "நம்ம வீட்டு வாசனை" என்றார். மன்னூபியா சிரித்துக்கொண்டே சம்மதித்தாள்.

சில நாளில் அந்தச் சிரிப்பு செத்தது. ஊதாத கூண்டு நாறியது. ஊதிய கூண்டில் எலிகள் குஸ்தி போட்டன!

கூட்டம் ஷேக்கைத் தோளில் தூக்கியது. வாசற்படி குறுக்கே வந்திருக்காவிட்டால் தலைநகர் துனிஸ் வரை தூக்கிப் போயிருக்கும். "இப்ப என்ன சொல்றே அக்கா?" என்றாள் ரவ்தா.

மன்னூபியா கண்ணாடிச் சுவர் அருகே போனாள். கூண்டையே பார்த்தாள். ஓர் எலி மரத்தூளைக் கிளறி, பழைய புழுக்கை ஒன்றைப் பாதாம் பருப்புபோல் கொறித்துக்கொண்டிருந்தது.

"ஷேக், இன்னொரு தடவை ஊதுங்க. புது எலிங்க. நீங்க ஊதுற கூண்டுக்குச் சுத்தமான மரத்தூள். உங்க வீட்டு மரத்தூளை ஊதாத கூண்டுல போடுவோம்."

ஷேக் தலைப்பாகையைச் சரிசெய்தார். "அது... வாசனை மாறினா மூச்சு கோவிச்சுக்கும்."

"ஊதுறது நீங்கதானே ஷேக்? மரத்தூளுக்கு ஏன் இப்படித் துடிக்கிறீங்க?"

"ஊது! ஊது!" என்றது கூட்டம். தோளிலிருந்து இறங்க முடியாதவர் ஊதினார். கன்னம் பூசணிக்காய் ஆனது. தலைப்பாகை பறந்து ஜன்னலில் மாட்டியது.

சில நாள் கழித்து, இந்த முறை ஊதிய கூண்டு நாறியது. ஊதாத எலிகள் குஸ்தி போட்டன. ஜன்னலில் தலைப்பாகை மட்டும் இருந்தது, ஷேக்கைக் காணோம்.

ரவ்தா இயாத்தை வாரி எடுத்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டு மருத்துவமனைப் பக்கம் ஓடினாள். பின்னாலேயே பத்துப் பதினைந்து தாய்மார்கள்.

மீன்காரருக்குத்தான் மனசு ஆறவில்லை. "அப்ப முதல் தடவை எலி பிழைச்சது பொய்யாம்மா?"

"பொய் இல்ல மாமா. நடந்தது உண்மைதான், நானே ஒத்துக்கறேன். அவர் வீட்டு எலிங்க குடல்ல இருக்கிற ஒரு பாக்டீரியா அந்த வைரஸை நெருங்க விடாது. புழுக்கையைத் தின்ன எலிக்கும் அது ஒட்டிக்கிச்சு. ஷேக் மூச்சுலயும் அது இல்ல, மோர்லயும் இல்ல. நீங்க குலவை போட்டதெல்லாம் எலிப்புழுக்கைக்கு. இனிமே எவனாவது எதையாவது நீட்டினா, வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் மோந்தாவது பாருங்க. எலி அதைச் செய்யுது."