ஐந்து மில்லிமீற்றர்

சர்க்கிட் போர்ட் ஐந்து மில்லிமீற்றர் அகலம் கூடிப்போயிருந்தது. மூன்று தடவை அளந்த பொன்னம்பலம், பிழை அடிமட்டத்தில்தான் என்று முடிவுகட்டி வேறோர் அடிமட்டத்தால் அளந்தார். அதுவும் அதே பிடிவாதம் பிடித்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் அந்த எட்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் செவ்வாய்க்கிழமை ஏழாம் மாடியோடு நின்றுபோனது. உள்ளே பொத்தான் பெட்டிக்குள் இருந்த போர்ட் எரிந்துவிட்டது. புதியது வர மூன்று கிழமை ஆகுமாம். இன்று சனிக்கிழமை. பின்னேரம் நாலு மணிக்கு மகள் சிவானியைப் பெண் பார்க்க யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மாப்பிள்ளையின் தாய்க்கு முழங்கால் வருத்தம். பொன்னம்பலத்தின் வீடோ ஏழாம் மாடி. அந்த அம்மா மூன்றாம் மாடியில் குந்திவிட்டால் கலியாணமும் அங்கேயே குந்திவிடும்.

"நான் கீழ போய் நிண்டாப் போதாதோ அப்பா?" என்றாள் சிவானி.

"பெண் பார்க்கிறது கார் பார்க்கிலயோ?"

ஆகவே மருதானையில் ஒரு பழைய சாமான் கடையைக் குடைந்து இந்த போர்ட்டைக் கொண்டுவந்திருந்தார். எல்லாம் பொருத்தம். ஐந்து மில்லிமீற்றர்தான் இடித்தது.

"வெட்டுவம்," என்றார்.

"ஓரத்தைச் சீவ இது என்ன சாண்ட்விச் பாணா, அண்ணன்?" என்றார் எதிர்வீட்டு நிலாம். முப்பது வருஷம் ரேடியோ திருத்தியவர். "மொதல்ல வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. செம்புக்கோடு ஓடுற எடத்துல கத்தி வெச்சா கதை முடிஞ்சிது."

பாதுகாப்பு என்றால் பொன்னம்பலத்துக்கு ஒரு வெறி. லிஃப்டின் சுவிட்சை நிறுத்தி, அதன்மேல் 'தொடாதே' என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டினார். கண்ணாடிக்கு மேல் கண்ணாடி, மாஸ்க்குக்கு மேல் மாஸ்க், கைகளில் மனைவி ஜெகதீஸ்வரி பாத்திரம் கழுவும் ரப்பர் உறை. சந்திரனுக்குப் போகிறவன்கூட இவ்வளவு மாட்டிக்கொண்டு போகமாட்டான்.

இடது ஓரத்தில் கோடு எதுவும் ஓடவில்லை. இரண்டு பக்கமும் கத்தியால் ஆழக் கீறி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தினார். டக்கென்று நேராக முறிந்தது. தூள் பறக்காமல் தண்ணீர் தொட்டு அரத்தால் ராவினார். நிலாமே வாயைப் பிளந்தார்.

போர்ட் பெட்டிக்குள் வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் முறித்த துண்டோடு ஸ்குரூ ஓட்டைகளும் போய்விட்டதால், கழன்ற பல் மாதிரி ஆடியது.

பின்னால் தடித்த டேப் ஒட்டினார். ஆட்டம் நின்றது, மூடி பூட்டவில்லை. டேப்பின் தடிப்பில் போர்ட் முன்னுக்கு வந்து, அதன் மேல் மூலை மூடியில் இடித்தது.

"மூலையில ரெண்டு மில்லிமீற்றர் எடுத்தாச் சரி."

"அண்ணன், அங்க கோடு ஓடுது!"

"தலைமயிர் மாதிரி ஒரு கோடு, நிலாம் நானா. அது என்ன செய்யப் போகுது?"

மூலையை வெட்டி, மூடியைப் பூட்டி, சுவிட்சைப் போட்டார். அந்தத் தலைமயிர் அபாய மணிக்குரியது. மணி அலறத் தொடங்கியது. கீழே காலி வீதியில் அலறி ஓடும் பஸ்களின் ஹோர்ன் எல்லாம் அதற்கு முன்னால் தாலாட்டு. பம்பலப்பிட்டி வரைக்கும் நாய்கள் பதில் சொல்லின.

ஜெகதீஸ்வரி வடைக் கரண்டியோடு ஓடி வந்தாள். "இஞ்சருங்கோ, பெண் பார்க்க வருகினமோ, நெருப்பு அணைக்க வருகினமோ?"

நிலாம் சுவிட்சை நிறுத்தி, அறுந்த கோட்டுக்கு ஒரு கம்பித் துண்டை வைத்து ஈயத்தால் பற்றவைத்தார். அவசரத்தில் ஈயம் பக்கத்துக் கோட்டிலும் ஒரு சொட்டுச் சிந்தியது. யாரும் கவனிக்கவில்லை. மறுபடி சுவிட்சைப் போட்டார்கள்.

மணி அடிக்கவில்லை. படிக்கட்டு விளக்கு அணைந்தது. தண்ணீர்ப் பம்ப் நின்றது. முழுக் கட்டடத்தின் கரண்டும் போயிருந்தது.

"தேத்தண்ணிக்கு பைப்பில ஒரு சொட்டுத் தண்ணி இல்லை!" என்று குசினியிலிருந்து குரல் வந்தது.

நாலு மணி. கதவில் தட்டும் சத்தம். இரண்டு மாஸ்க்கும் இரண்டு கண்ணாடியும் ரப்பர் உறையுமாகப் பொன்னம்பலம் கதவைத் திறந்தார். மாப்பிள்ளையின் தாய் நின்றார். பின்னால் மாப்பிள்ளை பழத்தட்டோடு நின்றார். அந்த அம்மாவின் நெற்றியில் பூசிய திருநீறுகூட வியர்வையில் கரையவில்லை.

பொன்னம்பலம் மாஸ்க்கை இறக்கிக் கும்பிட்டார். "மன்னிக்கவேணும் அம்மா. இந்த முழங்காலோட உங்களை ஏழு மாடி ஏறவச்சிட்டன்."

"நாங்கள் ஏறேல்லை, இறங்கினனாங்கள்," என்றார் அந்த அம்மா கதிரையில் சாவகாசமாக அமர்ந்தபடி. "உங்களைப் பற்றி விசாரிக்கவெண்டு திங்கட்கிழமையில இருந்து எட்டாம் மாடியில எங்கட சொந்தக்காரர் வீட்டிலதான் நிக்கிறம். கேள்விப்பட்ட கதைகளுக்கு, உந்த லிஃப்ட் மட்டும் ஓடியிருந்தா, புதன்கிழமையே சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வெளிக்கிட்டிருப்பம்."